கட்டம் ஏழு

சிரம்பான் குடிநுழைவு அலுவலகம்.
எண் மூவாயிரத்து நாற்பத்திரண்டு.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புவான் ரொஹானி
ஏழாம் கட்டத்தைப் பேனாவால் தட்டுகிறார்:
பழைய முகவரி, புதிய முகவரி, மாறிய காரணம்.
காரணத்துக்கு ஒரே ஒரு வரிதான் இடம்.

லயத்து வீடு பதினாறு, இரண்டாம் டிவிஷன், பகாவ்.
நிரந்தரவாசத்துக்கு மனுப் போட்டபோது
அப்படித்தான் எழுதினோம்.
'நிரந்தரம்' என்று அந்த மனுவில்
பதினோரு இடத்தில் வருகிறது. எண்ணியிருக்கிறேன்.
அங்கே தெருவுக்குப் பெயர் கிடையாது.
கடிதம் ஆபீஸ் வரைக்கும் வரும்,
கிராணி பெயரைக் கூப்பிடுவார்,
என் பெயரை மட்டும் இரண்டு தடவை படிப்பார்.
நடுவில் 'ஏ/பி' இல்லாத பெண்பெயர்
அந்த லயத்திலேயே என்னுடையதுதான்.

தோட்டத்தை யாருக்கு விற்றார்கள் என்று
அங்கேயே பிறந்த தெய்வீகனுக்கும் தெரியாது.
நான் பட்டுக்கோட்டையிலிருந்து வந்து
நான்கு வருஷம் ஏழு மாதம்.
வருஷத்துக்கு ஒரு ஸ்டிக்கர் பாஸ்போர்ட்டில்,
அதன் அடியில் சின்ன எழுத்தில்
வேலை செய்யக் கூடாது.
(துணி துவைப்பது அதில் சேராது,
கேட்டுத் தெரிந்துகொண்டேன்.)

இப்போது மலிவுவிலை அடுக்குமாடி, நாலாம் மாடி.
லிஃப்ட் இல்லை.
புது முகவரியில் ஆறு எண்கள்,
யாராவது கேட்டால்
ஃபோனைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

காரணக் கோட்டில் தெய்வீகன் 'பிண்டா' என்று எழுதினார்.
இடம் மாறியதற்குக் காரணம், இடம் மாறியது.
புவான் ரொஹானி சிரிக்கவில்லை. முத்திரை குத்தினார்.
கம்ப்யூட்டரில் ஏற மூன்று மாதம் ஆகலாம்,
அதுவரைக்கும் கடிதம் பழைய இடத்துக்குப் போனாலும் போகும்,
போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்,
அன்பாகத்தான்.

போய்ப் பார்த்துக்கொள்கிறோம்.
வெள்ளிக்கிழமைதோறும், மோட்டாரில்,
வேலை முடிந்து அவர் வந்ததும்.
லயம் நின்ற இடத்தில் செம்மண்.
குளியலறைத் தரையின் நீல ஓடு இரண்டு
பெயராமல் கிடக்கிறது,
அதிலிருந்து எண்ணினால் எங்கள் கதவு.
ஆபீஸும் இல்லை. தகரத் தடுப்பு, ஒரு கேட்,
கேட்டுக்கு ஒரு காவலாளி: தில் பகதூர், நேப்பாளம்.
தபால்காரர் வேறு வழி தெரியாமல்
எல்லாவற்றையும் அவரிடம் கொடுத்துவிட்டுப் போகிறாராம்.
இடித்த வீடுகளின் கடிதங்களை
எண் பிசகாமல் அடுக்கி
பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார்.
அவருடைய பெர்மிட்டும் எங்கேயோ கிடக்கிறது,
ஏஜென்ட் ஃபோனை எடுப்பதில்லை.
எனக்கும் அவருக்கும் பொதுவில்
மலாய் ஒரு முப்பது வார்த்தை இருக்கும்.
அதிகம் தேய்ந்தது 'பெலோம்'.
இன்னும் இல்லை. உனக்கு? இன்னும் இல்லை.

ஆறாவது வாரம்
தூரத்திலேயே கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார்,
அடா, அடா.
நீளமான உறை. லயத்து வீடு பதினாறு.
தெய்வீகன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பிரித்தார்.

மின்சாரக் கட்டணம்.
குறைந்தபட்சத் தொகை, மூன்று வெள்ளி.

கூரையில்லாத வீட்டில்
யாரும் போடாத விளக்குக்கு மூன்று வெள்ளி.
நான் சிரித்துவிட்டேன், தில் பகதூரும் சிரித்தார்,
என்னவென்று தெரியாமலே.
தெய்வீகன் மட்டும் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.
"கட்டிரலாம்" என்றார்.
எதுக்கு?
"பேர வெட்டிட்டாங்கன்னா
அந்த அட்ரஸுக்கு அப்புறம் ஒண்ணுமே வராது."

பகாவ் போஸ்ட் ஆபீஸில் கட்டினோம்.
ரசீது இப்போது ஃபைலில் இருக்கிறது,
கல்யாணச் சான்றிதழுக்குப் பின்னால்,
சேர்ந்துதான் வாழ்கிறோம் என்று காட்ட எடுத்த
ஒன்பது படங்களுக்கு முன்னால்.
அதில் ஆறு படம் அந்த வீட்டுக்குள் எடுத்தது.

அடுத்த வெள்ளி மழை என்கிறார்கள்.
அந்த டின்னுக்கு மூடி சரியாகப் பொருந்தாது.
ஒரு பிளாஸ்டிக் பை கொண்டுபோக வேண்டும்.