பதினோரு கிராம்

எண்ணூர் ரோட்டில் வண்டி நிற்கிறது.
முன்னால் நாற்பது டிரெய்லர், பின்னால் எண்ணவில்லை.
முதுகில் இருபத்தாறு டன்.
உள்ளே என்னவென்று சீல் வைத்தவனுக்குத்தான் தெரியும்.
ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவே
இரண்டு ஊசி, மூன்று ப்ளை நூல்.

வெயிட் என்ன வேணும் என்றார்
எம்.சி. ரோட்டுக் கடையில் குத்தூஸ் பாய்.
ஆயிரத்து நூற்று நாற்பது கிராம் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
நூலுக்கு வெயிட்டுன்னா தடிமன்ப்பா.
கொஞ்சம் பொறுத்து, எத்தனை நாள் ஆச்சு என்றார்.
ஒன்பது.

மூன்று இழை கத்தரித்துத் தீக்குச்சி கிழித்தார்.
ஒன்று சுருண்டு உருகிக் கறுப்பு மணியானது:
அக்ரிலிக். விரலில் ஒட்டினால் தோலோடு வரும்.
ஒன்று காகிதம் போல எரிந்து
ஊதுமுன்பே பறந்தது:
பருத்தி. இழுத்தால் இழுத்தபடியே கிடக்கும்,
திரும்பி வராது.
மூன்றாவது பற்றவே யோசித்தது,
முடி பொசுங்கிய நாற்றம் அடித்து, தானே அணைந்தது.
மெரினோ. ஒரு பந்துக்கு ஒரு நாள் பேட்டா.
அதையே கொடுங்க என்றேன்.

மெட்ராஸ்ல கம்பளியா என்கிறான்
பக்கத்து வண்டி தேவசகாயம்.
ஆர்.எஸ்.ஆர்.எம்.ல ஒருத்தி இருக்கா,
அவளுக்குச் சித்திரையிலும் குளிருது.

காசிமேட்டு மச்சான் தொப்பியை
வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.
நெத்திலி கூடத் தப்பாது மாமா.
வலை முடிபவன் சொன்னால் அது பட்டம்தான்.

நேற்றுக் காலை ரெஜினா போன்:
பதினோரு கிராம் ஏறிட்டா!
ஹாரனை அழுத்தினேன்.
என்ன ஏது என்று தெரியாமல்
டோல்கேட் வரைக்கும் அத்தனை வண்டியும் அழுத்தியது.

சாயங்காலம் மறுபடி போன், மெதுவான குரல்.
பழைய சிஸ்டர் வந்து
தொப்பியைக் கழற்றி எடை போட்டாளாம்.
தொப்பியைத் தனியாகவும் போட்டாளாம்.

கொஞ்ச நேரம் இரண்டு பேருமே பேசவில்லை.
அங்கே ஏதோ மெஷின் கூவிக்கொண்டிருந்தது.
பிறகு அவள்தான் சொன்னாள்:
குறையலையே.

கேட் திறந்துவிட்டது போல. வரிசை அசைகிறது.
ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு கியர் போடுகிறேன்,
நூல்பந்து டாஷ்போர்டில் உருளுகிறது.
முதல் தொப்பிக்கு அறுபத்து நாலு கண்ணி.
இதற்கு
எழுபத்திரண்டு போட்டிருக்கிறேன்.