இரண்டாவது பிரஷ்

சேன்-ஆந்த்ரே. கரும்பு வெட்டும் மாதம்,
ஜன்னலெல்லாம் சாம்பல்.
தனியாக வாழ்கிறேன் என்று கையெழுத்திட்ட
ஜிஸ்லேன் மூதூசாமியின் குளியலறையில்
இரண்டு பல் பிரஷ்.
தொட்டுப் பார்த்தேன். நீலம் காய்ந்திருந்தது.

"வெள்ளிக்கிழமை வருவான்,
சில வாரம் வரவும் மாட்டான்."

படிவத்தில் 'சில வாரத்துக்கு' இடமில்லை.
ஆம், இல்லை. இரண்டே கட்டம்.
ஆம் என்று குறித்தேன்.

ஆய்வுக்குப் போன வீட்டில்
காப்பி குடிக்கக் கூடாதாம்.
குடித்தேன். அதை எழுதவில்லை.

தேர்தல் வந்தது.
இத்தனை கோடி யூரோ திருட்டு என்று
டிவியில் ஒருவர் மேசையைத் தட்டினார்.
அதில் பாதிதான் என்றார்
எதிரே இருந்தவர்.

பாதி என்றால்,
அந்த நீல பிரஷ்ஷைச் சேர்த்தா
சேர்க்காமலா?