மூன்று தவறு

ரொசாரியோ. இரவு ஒரு மணி.
எஃகுத் தகட்டில், சொல்லுக்கு நாலெழுத்தாக,
உளி வைத்து அடிக்கிறாள் நெலிதா.
வங்கிகள் கதவடைத்த அந்த டிசம்பரில்
தெருவில் நின்று வாணலியைத் தட்டிய அதே கை.

இருபத்து நான்கு சொல்.
ஆங்கிலம் தெரியாது அவளுக்கு.
பதினேழாவது ‘அநாதை’ என்பதை
மகனின் பழைய அகராதி சொன்னது.

தகட்டை நம்ப ஒரே வழிதான்:
பின் எண்ணை வேண்டுமென்றே தப்பாக அழுத்தினாள்.
ஒன்று. இரண்டு.
எழுந்துபோய்த் தண்ணீர் குடித்து வந்தாள்.
மூன்று.
கருவி அவளை மறந்துபோனது.

தகட்டைத் தடவித் தடவி
ஒவ்வொரு சொல்லாய் ஊட்ட,
விடியும் நேரம் திரும்பி வந்தது
பதினோரு வருடத் தையல் கூலி.

சுவருக்கு அப்பால் ஃபௌஸ்தோ:
“ராத்திரி முழுக்க என்ன சத்தம்?”
“படம் மாட்ட ஆணி.”

இனி ஒரு படம் வாங்க வேண்டும்.