கை காட்டாமல் நின்ற வண்டி

போன் சார்ஜ் போடத்தான் வந்தேன்.
லயத்தில் மூன்று நாளாகக் கரண்ட் இல்லை;
ஸ்டேசன் பெஞ்சுக்கடியில்
எவரோ அடைக்க மறந்த ஒரு பிளக்.

செம்பனை லோரிக்குப் பின் கேட் இறங்கியது.
ஆறு பதினேழு வண்டி
என் ஒருவனுக்காக
முனகிக்கொண்டே நின்றது.

வேண்டாமென்று கையை ஆட்டினேன்.
கார்டு ரஹ்மாட் பதிலுக்குக் கையாட்டி
கதவைத் திறந்தார்,
மழையில் நனைந்த தொப்பியோடு,
அவ்வளவு பொறுமையாக.

எங்கும் போகிறவன் இல்லை என்று
அந்த முகத்திடம் எப்படிச் சொல்ல?

ஏறிவிட்டேன்.
அடுத்த ஸ்டேசன் வரை, ஒரு ரிங்கிட் இருபது.
கையில் பதினொரு சதவீதப் போன்.
கண்ணாடிக்கு வெளியே, பெஞ்சுக்கடியில்,
சிவப்புப் பொட்டாய் எரிந்தபடி
பின்னால் போனது சார்ஜர்.

இறங்கிய இடத்தில் விசாரித்தேன்:
திரும்ப
நாளைக் காலை வண்டிதான்.