பூசை எத்தனை மணிக்கு

பேருந்தில் போகிற எவரோ
எங்கள் கோயிலின் பக்கத்தைக் கைப்பேசியில் திறந்தால்
முதலில் மணி அடிக்கும்.
சுற்றியிருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.
நிறுத்தும் பொத்தான் இருக்கிறது,
திரைக்கு வெளியே, வலப்பக்கம்,
விரல் போகாத தூரத்தில்.
பிறகு ஆயர் வருவார்
பொன்விழா கேக்கை வெட்டியபடி.
முதலில் நெற்றி, அப்புறம் மூக்குக்கண்ணாடி.
கத்தி இறங்கி வருவதற்குள்
வண்டி சிங்காரத்தோப்புப் பாலத்தைத் தாண்டியிருக்கும்.

நான் செய்ததுதான். இரண்டாயிரத்து ஒன்பதில்,
பள்ளிக்கூடக் கணினி அறையில்,
ஒரு மின்வெட்டுக்கும் அடுத்த மின்வெட்டுக்கும் நடுவே.
சுழலும் சிலுவைக்கு மட்டும் மூன்று இரவு.
திருநாளன்று பந்தலில் திரைகட்டிக் காட்டியபோது
கைதட்டினார்கள்.
அந்தத் திரை பத்தடி அகலம்.

புதிதாக வந்த சாமியார் நீட்டிய போன்
ஒரு சாண்கூட இல்லை.
"தார்சிஸ், இதுல பூசை நேரம் எங்க இருக்கு?"
ஞாயிறு காலை ஐந்து என்று இருந்தது.
முப்பது நிமிடம் ஓரத்தில் வெட்டுப்பட்டுக் கிடந்தது.
யார் யாரோ இருட்டில் ஐந்துக்கே வந்து
பூட்டிய கதவைப் பார்த்து நின்றிருக்கிறார்கள்.
வரைபடத்தில் கோயில்
உப்பனாற்றின் நடுவே இருந்தது.

தொடர்புக்கு: உபதேசியார் சூசைநாதன்.
அவர் கல்லறையில் இரண்டு நவம்பர்
மெழுகுவர்த்தி ஏற்றியாகிவிட்டது.
எண்ணை எடுக்குமுன் ஒருமுறை
அழுத்திப் பார்த்தேன்.
தையல் மெஷின் ஓட்டத்துக்கு மேல் ஒரு குரல்:
"ஞாயிறு அஞ்சரை, எட்டு. வெள்ளி சாயங்காலம் ஆறு.
எங்கேர்ந்து வர்றீங்க?"

சலேத். அவர் மனைவி.
என் பெயரைச் சொன்னதும் மெஷின் நின்றது.
"உங்களுக்குமா தெரியாது?"

போய்ப் பார்த்தேன். அளவு நோட்டு ஒன்றைக் கொடுத்தாள்.
முன்பக்கம் மார்பு, இடுப்பு, கை நீளம்.
பின்பக்கம் திருப்பினால், இரண்டு வருடமாகக்
கேட்டவர்கள் கேட்டது எல்லாம்:

ரெண்டு ஸ்டேஷன்ல எதுல இறங்கணும்.
கார் நிறுத்த இடம் இருக்கா.
அம்மாவுக்குப் படி ஏற முடியாது.
சிப்காட்ல வெல்டிங் வேலை, ஒடியாக்காரப் பையன்,
ஈஸ்டர் ராத்திரி எத்தனை மணிக்கு, இந்தியில.
பாஸ்போர்ட்டுக்கு ஞானஸ்நானச் சீட்டு.
பாத்ரூம். பாத்ரூம். பாத்ரூம்.
நாங்க வேற சாமி கும்பிடறவங்க, பிள்ளைக்கு உடம்பு சரியில்ல,
மெழுகுவர்த்தி ஏத்த வரலாமா.

"எதுக்கு எழுதி வெச்சீங்க?"
"மறுபடி யாராவது கேட்டா
யோசிக்க வேணாம்ல."

அன்றிரவு சுழலும் சிலுவையை நிறுத்தினேன்.
(ஒரு நொடியில் போய்விட்டது. மூன்று இரவு.)
மணியை அணைத்தேன். ஆயரைக்
கட்டைவிரல் நகமளவு சுருக்கிக்
கீழே உட்கார வைத்தேன், கேக்கோடு.
கோயிலை ஆற்றிலிருந்து தூக்கிக்
கரையில் வைத்தேன்.

மேலே, திறந்தவுடன், பெரிய எழுத்தில் ஐந்தரை.
அதன் கீழே
துறைமுகம் சந்திப்பில் இறங்கவும்,
திருப்பாதிரிப்புலியூரில் அல்ல.
மேற்குக் கதவில் சரிவுப்பாதை உண்டு.
கழிப்பறை கெபிக்குப் பின்னால், சாவி வேண்டாம்.
(சாவி வேண்டியிருந்தது. மறுநாள் காலை
பூட்டை நானே கழற்றினேன்.)
அப்புறம் தனியாக ஒரு வரி,
யார் வேண்டுமானாலும் வரலாம்.
அதை எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது.
"அனைத்துச் சமயத்தவரும்" என்று தொடங்கி
"அன்புடன் வரவேற்கப்படுகிறார்கள்" வரை போய்
அழித்து அழித்து
வரலாம் என்பதில் வந்து நின்றேன்.

எண்ணை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.
நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு
கொஞ்சம் பேசாமல் இருந்தாள்.
"இருக்கட்டும். பேரை மட்டும் மாத்துங்க.
சூசைநாதன் சார் இல்லீங்களான்னு கேக்கறாங்க.
ஒவ்வொருத்தருக்கும் சொல்ல வேண்டியிருக்கு."

மாற்றினேன். சலேத் மேரி, தொட்டால் அழைக்கும்.
வாசல் வரை வந்தவள் கூப்பிட்டுச் சொன்னாள்:
"ரெண்டுலேர்ந்து மூணு தூங்குவேன்,
அதையும் போட்டுடுங்க."

போட்டிருக்கிறேன்.