கணுவுக்கு ஒரு பூ

அக்டோபர். பெண்டிகோவுக்கு வடக்கே
இரும்புப்பட்டை மரங்களுக்குள் நுழையும் மண்சாலை.
நாளை அதை இரண்டு மீட்டர் அகலமாக்குகிறார்கள்.
இன்று மதியம்வரை ஓரமெல்லாம் என் பொறுப்பு.

முழங்காலுக்கு அடியில் கார் மிதியடி,
கண்ணருகே உருப்பெருக்கி,
எதிரே முழ உயரத் தண்டில்
இளம் ஊதாவாக ஆறு இதழ்.

இரண்டில் ஒன்று.
வெனிலா லில்லி என்றால்
கணுவுக்கு இரண்டு மூன்றாகக் குடும்பத்தோடு வரும்.
சாக்லேட் லில்லி தனியாள்:
ஒரு கணு, ஒரு காம்பு, ஒரு பூ.
பாதித் தண்டை ஏதோ கங்காரு மேய்ந்துவிட்டது.
மிச்சம் ஒரே கணு.
அதில் ஒரு பூ, பக்கத்தில் ஒரு வடு.
உதிர்ந்த காம்பா, பூச்சிக் கடியா?

எதுவானாலும் சாலை நிற்காது.
ஆனால் தப்பான பெயரோடு
ஒரு பூ சாகக்கூடாது.
இதன் கிழங்கைச் சுட்டுத் தின்றவர்கள்
முதலில் வைத்த பெயருக்கு
என் படிவத்தில் கட்டமே இல்லை.
இருக்கிற கட்டத்தையாவது சரியாக நிரப்ப வேண்டும்.

மோந்து பார்த்தால் முடிந்தது.
என் மூக்கோ
இரண்டு குளிர்காலத்துக்கு முன்
ஒரு காய்ச்சலோடு போனது.
அன்றிலிருந்து காபி வெந்நீர்.
மழை வெறும் சத்தம்.

கிரேடர் ஓட்டுகிற வேட் நான்கெர்விஸ்
வண்டி நிழலில் சாண்ட்விச் பிரித்துக்கொண்டிருந்தான்.
கூப்பிட்டேன். பூவின் பெயரைச் சொல்லவில்லை,
சொன்னால் மூக்கு பொய் சொல்லும்.

ஆரஞ்சுச் சட்டையோடு
மொத்த உடம்பும் குப்புறப் படுத்தது.
"டீசல்."
அது உன் கை என்றேன்.
கையை மண்ணில் தேய்த்துவிட்டு மறுபடி.
"ஒன்றுமில்லையே, மெர்ல்."

மேகம் விலகக் காத்திருந்தோம்.
பத்தேகாலுக்கு வெயில் தண்டில் ஏறியது.
மூன்றாம் முறை
அவன் தலையைத் தூக்கவே இல்லை.

"மகளின் மழைக்கோட்டைத் துவைக்க எடுத்தேன்.
பையில் கசங்கிய வெள்ளித்தாள்.
தின்றுவிட்டு மறைத்திருக்கிறாள்.
அந்த வாசனை."
எத்தனை வயது அவளுக்கு?
"பெர்த்தில் இருக்கிறாள் இப்போது," என்றான்.

எழுதினேன்:
கணுவுக்கு ஒன்று, ஐயத்துடன்.
மணம் உண்டு. சாட்சி, வே. நான்கெர்விஸ்.

சாண்ட்விச்சை எறும்பு மொய்த்திருந்தது.
அவன் அதைக் கவனிக்காமல்
சாலையின் மறுகரையில் மண்டியிட்டிருந்தான்.
"இங்கேயும் ஒன்று! அதேதான்!"

போய்ப் பார்த்தேன்.
கணுவுக்கு மூன்று.

"இன்னொரு தடவை மோந்து பார்," என்றேன்.