அவுட்டோர் யூனிட் இல்லாத குளிர்

மலை என்றுதான் பலகையில் எழுதியிருக்கிறது.
கீழே நின்று அண்ணாந்தால்
கழுத்து முழுதாக வளைவதற்குள் முடிந்துவிடுகிறது.
அல் காரா.
ஹுஃபூஃபின் பேரீச்சந்தோப்புகளுக்கு நடுவே
யாரோ இறக்கிவைத்துவிட்டுத்
திரும்ப எடுக்க மறந்த செம்மண் மூட்டை.

வெள்ளிக்கிழமை. வெளியே நாற்பத்தெட்டு.
எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்த மசூது
"ஏசி மெக்கானிக் பார்க்க வேண்டிய இடம்டா" என்றான்.

குகை வாசலிலிருந்து பத்தடி.
முதுகில் ஒட்டிக்கிடந்த சட்டை
தானாகக் கழன்று நின்றது.
புறங்கையை நீட்டினேன், பழக்கம்.
பதினோரு வருடமாக
எந்த அறைக்குள் போனாலும்
முதலில் காற்றைத்தான் விசாரிப்பேன்.
பாறை இடுக்கிலிருந்து வந்தது,
காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற அளவில்,
சத்தமில்லாமல்.

சத்தமில்லாமல் என்பதைத்தான் நம்ப முடியவில்லை.
கம்ப்ரஸர் எங்கே? செம்புக் குழாய் எங்கே?
சொட்டுத் தண்ணீரை எந்தப் பக்கம் இறக்கியிருக்கிறார்கள்?
பையில் எப்போதும் கிடக்கும் தெர்மாமீட்டரைச்
சுவரோரம் பிடித்தேன்.
இருபத்து நான்கு.
புருஷனும் பெண்டாட்டியும்
ரிமோட்டைப் பிடுங்கிப் பிடுங்கி
கடைசியில் வந்து நிற்கிற எண்.

இரண்டு சுவருக்கும் நடுவே ஓர் ஆள் அகலம்.
எதிரே ஒரு குடும்பம், காவா ஃபிளாஸ்க்கோடு.
நாங்கள் பாறையோடு ஒட்டினோம், அவர்களும் ஒட்டினார்கள்.
யார் முதலில் என்பதை அவர்களின் சின்னப்பெண்
எங்கள் கால்களுக்கிடையே ஓடி முடித்துவைத்தாள்.
ஊதா விளக்குப் போட்ட இடத்தில்
எல்லோரும் படம் எடுத்தார்கள்.
விளக்கில்லாத இடத்தில்
எல்லோரும் குரலைத் தாழ்த்தினார்கள்.

பிறகு ஏறினோம்.
மசூது மூன்று தடவை உட்கார்ந்தான்,
மூன்று தடவையும் செருப்பைக் குறை சொன்னான்.
உச்சியில் காற்று, அடுப்பு மூடியைத் திறந்ததுபோல.
தோப்பு, தோப்பு, அதற்கப்பால் ஊர்.
கூரைக்குக் கூரை வெள்ளைப் பெட்டிகள்.
அந்த மாடி நான் மாட்டியது.
அந்தப் பள்ளிக்கூடம் நானும் தில் பகதூரும்.
உள்ளே கொஞ்சம் குளிரைத் தள்ள
ஒவ்வொன்றும் வெளியே சூட்டைத் துப்பிக்கொண்டிருந்தது.
துப்பியதெல்லாம் இங்கே ஏறி வந்துதான்
என் முகத்தில் அடிக்கிறதோ?
மலை எதையும் கேட்டுக்கொள்ளவில்லை.
மண்டையில் வெயில், வயிற்றில் இருபத்து நான்கு.

போன் அடித்தது. ஃபோர்மேன்.
முபர்ரஸ், மூன்றாவது மாடி, கைக்குழந்தை இருக்கிற வீடு,
கேஸ் இறங்கிவிட்டது போல.
வர்றேன் என்றேன்.

இறங்கும்போது குகை வாசலைத் தாண்டுகையில்
புறங்கையை இன்னொரு தடவை நீட்டினேன்.
தெர்மாமீட்டரை எடுக்கவில்லை.